அக்காட்டக் கேளுங்க: மூண்டு போத்தலும் ஒரு சீஆர் கொப்பியும்

கேள்வி: அக்கா, நான் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி. மகள் தரம் 8. இந்த வருஷம் அவங்கட ஸ்கூல்ல விஞ்ஞானம், கணிதம், புவியியல், வரலாறு, தமிழ் ரீச்சர்மார் எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு விஷயத்தக் குடுத்து வருஷம் முழுக்கச் செய்ய விட்டாங்க, இவட குழுவுக்கு வந்தது உப்பு. இப்ப மூன்றாம் தவணை முடியிறதுக்குள்ள தாய் தகப்பன்மாரக் கூப்பிட்டுப் பிள்ளைகளே விளங்கப்படுத்தப் போறாங்களாம். மற்றத் தாய்மார் டவுன்ல காசு குடுத்து ரெஜிபோம்ல மொடல் செய்விக்கிறாங்க, லைட்டெல்லாம் பத்துது. என்ட பிள்ளைட்ட ஒரு சீஆர் கொப்பியும் மூண்டு போத்தலும்தான் இருக்கு, ஒண்டுல வெள்ளத் தூள், ஒண்டுல உப்பு, மற்றதுல கொஞ்சம் தண்ணி. வெக்கமா இருக்கு அக்கா. ரியூசனும் விட்டுப் போகுது. ஓஎல் சோதினைக்கு இதால பிரயோசனம் ஏதும் இருக்கா?

பதில்: தங்கச்சி, அந்த மூண்டு போத்தலையும் கொப்பியையும் அப்படியே கொண்டு போக விடுங்க, மொடலுக்கு ஒரு சதம் செலவழிக்க வேணாம். உங்கட பிள்ளை செய்து வச்சிருக்கிறது என்னண்டு உங்களுக்கு இன்னும் விளங்கல்ல போல, அதான் நானே சொல்றன்.

கடல் தண்ணி ஒரு லீற்றர்ல கிட்டத்தட்ட 35 கிராம் உப்புகள் கரைஞ்சிருக்கு, ஆனா அது முழுக்க நாங்க கறிக்குப் போடுற உப்பில்ல. வெயில்ல வத்த வத்த முதல்ல அடியில படியிறது கல்சியம் காபனேற்றும் கல்சியம் சல்பேற்றும், அதுதான் அந்த வெள்ளத் தூளா இருக்கணும். தண்ணி பத்தில ஒரு பங்கா வத்தினாப் பிறகுதான் எங்கட உப்பு கட்டியாத் தொடங்குது. உப்ப அள்ளினாப் பிறகு மிஞ்சிற தண்ணி நாக்குல வச்சாக் கசக்கும், அது மகனீசிய உப்புகளால, மற்றப் போத்தல்ல இருக்கிறது அந்தத் தண்ணியாத்தான் இருக்கணும். உப்பளத்துல ஏன் தண்ணிய ஒரே பாத்தியில வத்த விடாம பாத்தி பாத்தியா மாத்திறாங்கண்டதுக்கு விடை அந்த மூண்டு போத்தலுக்குள்ள இருக்கு தங்கச்சி, ஒவ்வொண்டும் ஒவ்வொரு கட்டத்துல பிரியிறதால மாத்தி மாத்தி விட்டாத்தான் கறியுப்பத் தனிய எடுக்கலாம்! ஓஎல் விஞ்ஞானத்துல கலவைகள் பாடத்துல இதே விஷயம்தான் வருது, உங்கட மகள் அதத் தரம் 8லயே கையால செய்து பாத்திட்டா.

கணக்குக்கு வாங்க. பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் ஆழமா ஒரு பாத்தியில தண்ணி விட்டா 5000 லீற்றர். லீற்றருக்கு 27 கிராம்தான் கறியுப்பு எண்டு வச்சா 135 கிலோ, அதுவும் சொட்டும் வீணாகாம எடுத்தா. பிறகு ஒக்டோபர்ல மழை தொடங்கிட்டா எங்கட பக்கம் உப்பு விளையாது, அது புவியியல். வெள்ளைக்காரன் காலத்துல உப்பு அரசாங்கத்தின்ட ஏகபோகமா இருந்தது, அது வரலாறு. கடையில வாங்கிற உப்புல அயடீன் ஏன் சேக்கிறாங்க, கழுத்துல கழலை வராம இருக்க, அது சுகாதாரம். ஐஞ்சு பாடத்தையும் ஐஞ்சு கொப்பியில தனித்தனியாப் பாடமாக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஒண்டோட ஒண்டு தொடுதெண்டு தெரியவே வராது.

காசு குடுத்துச் செய்விச்ச மொடல் பற்றி எனக்குச் சரியான கோவம் இருக்கு, மறைக்கல்ல. லைட் பத்தும்தான், ஆனா ஆராவது "இது ஏன் இப்படி?" எண்டு கேட்டா அந்தப் பிள்ளை தாயிட முகத்தப் பாக்கும். பாவம் அது, பிள்ளையில பிழையில்ல.

நீங்க செய்ய வேண்டியது ஒண்டுதான். மேசைக்கு முன்னால நிண்டு முழுக்கக் கேளுங்க, இடையில எடுத்துக் குடுக்காதீங்க, எத்தின மார்க்ஸ் எண்டும் கேக்காதீங்க. "எந்த இடத்துல சரிவரல்ல, பிறகு என்ன செய்தீங்க?" எண்டு கேளுங்க. ட்ரேயில வச்ச தண்ணிக்குள்ள மழை விழுந்த கதை, தராசு பிழைச்ச கதை எண்டு ஏதும் இருந்தா அப்பதான் வெளிய வரும், கொப்பியிட வெட்டிக் கிறுக்கின பக்கங்களையும் காட்டச் சொல்லுங்க. குடும்பத்துல உப்பளத்துல வேலை செய்த பெரியாக்கள் இருந்தாக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, பிள்ளை அவங்கட்டயும் கேள்வி கேக்கட்டும். ரியூசன் ரெண்டு கிழமை போகாட்டி ஒண்டும் குடி முழுகாது.

கேள்வி: நான் கிண்ணியாவில படிப்பிக்கிறன். எங்கட ஸ்கூல்லயும் இப்படி ஒண்டு வைக்கிறம், ஆனா தாய்மார்தான் கொஞ்சப் பேர் வருவாங்க, தகப்பன்மார் வாறதே இல்ல. என்ன செய்யலாம்?

பதில்: நேரத்த மாத்திப் பாருங்க சேர். காலம எட்டு மணிக்கு வைச்சா இரவு கடலுக்குப் போனவர் அப்பதான் மீன் வித்திட்டுக் கண்ணயருவார், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ, அந்த நாள எடுக்கவே வேணாம். சனிக்கிழமை பின்னேரம் மூண்டரைக்கு வைங்க. அழைப்பு அதிபர்ட கடிதமா இல்லாம பிள்ளையே தன்ட கையால "வாப்பா, நான் இதச் செய்திருக்கிறன், வந்து பாருங்க" எண்டு எழுதட்டும். மேடை, மாலை, பிரதம விருந்தினர் பேச்சு எல்லாத்தையும் விட்டிட்டு வந்த உடனே மேசைக்கு அனுப்புங்க, ஒரு மணித்தியாலம் உரை கேட்டுக் களைச்ச ஆக்களுக்குப் பிள்ளைகள் சொல்றதக் கேக்கப் பொறுமை மிஞ்சாது.