‘குறி வைக்கவில்லை’ என்றால் போதுமா? போரும் பொதுமக்களும்: கேள்வி-பதில்

போர் அறம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சட்டம் சொல்வதையும் அறம் கோருவதையும் கூடுமானவரை பிரித்தே எழுதியிருக்கிறேன். ஏனெனில், சட்டம் அனுமதிக்கும் ஒரு தாக்குதலை அறம் அனுமதிக்காமல் போவதுண்டு.

கேள்வி: சந்தையில் குண்டு வைத்து நாற்பது பேரைக் கொன்றவனைப் பயங்கரவாதி என்கிறோம். ஆயுதக் கிடங்கின் மீது வீசிய குண்டினால் பக்கத்துத் தெருவில் நாற்பது பேர் இறந்தால் ‘தவிர்க்க முடியாத இழப்பு’ என்கிறோம். இறந்தவர்களுக்கு இதில் என்ன வேறுபாடு?

பதில்: இறந்தவர்களுக்கும் அவர்களைப் பறிகொடுத்தவர்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். வேறுபாடு, கொன்றவரின் செயலை மதிப்பிடுவதில்தான் வருகிறது. சந்தையில் குண்டு வைத்தவனுக்கு அந்த நாற்பது பேரின் சாவே திட்டம். அன்று அவர்கள் சந்தைக்கு வராமல் போயிருந்தால் அவன் திட்டம் தோற்றிருக்கும். கிடங்கைத் தாக்கியவரின் திட்டமோ, பக்கத்துத் தெரு வெறிச்சோடிக் கிடந்திருந்தாலும் நிறைவேறியிருக்கும். இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதும்போது செய்த ஒரு பாகுபாட்டிலிருந்து வளர்ந்த ‘இரட்டை விளைவு’க் கோட்பாடு இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

ஆனால், இந்தக் கோட்பாடு எவ்வளவு மலிவாகக் கையாளப்படுகிறது என்பதைப் பார்த்துப் பல ஆண்டுகளாக வருந்தி வருகிறேன். ‘அவர்களைக் கொல்வது எங்கள் நோக்கமில்லை’ என்று அறிக்கை விடுவதற்கு யாருக்கும் எதுவும் செலவாவதில்லை. அந்தச் சொல்லில் உண்மை உண்டா என்று அறிய, அவர்கள் சாகாமலிருக்க நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்காக உங்கள் தரப்பில் எந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

நார்வேயின் வெமோர்க் ஆலையின் கதை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஜெர்மானியரின் அணு ஆராய்ச்சிக்குத் தேவையான கனநீர் அங்கே உற்பத்தியானது. 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்களின் சிறு குழு ஒன்று, பனி மூடிய பள்ளத்தாக்கைக் கடந்து ஆலைக்குள் புகுந்து, ஒருவரையும் கொல்லாமல் கருவிகளைத் தகர்த்துவிட்டுத் தப்பியது. உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர். இரண்டு தாக்குதல்களுக்கும் இலக்கு ஒன்றே, நோக்கமும் ஒன்றே. ஆபத்தை யார் தோளில் ஏற்றுவது என்பதில் மட்டுமே அவை வேறுபட்டன. பிறகு 1944 பிப்ரவரி 20 அன்று, எஞ்சிய கனநீரை ஏற்றிச் சென்ற பயணிகள் படகை நார்வே எதிர்ப்பாளர்களே தின் ஏரியில் மூழ்கடித்தனர். பயணிகள் குறைவாக இருப்பார்கள் என்பதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு முன், இது அத்தனை முக்கியம்தானா என்று லண்டனில் இருந்த மேலிடத்திடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டனர். 18 பேர் இறந்தனர். அவர்களில் 14 பேர் நார்வேக்காரர்கள். அவர்கள் செய்தது சரிதானா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், ‘நோக்கமில்லை’ என்ற சொல்லை அவர்கள் உழைத்துச் சம்பாதித்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ‘விகிதாசாரம்’ என்கிறார்கள். ஓர் எதிரிக்கு எத்தனை பொதுமக்கள் என்று சட்டத்தில் கணக்கு ஏதும் உண்டா?

பதில்: இல்லை. 1977இல் ஏற்கப்பட்ட ஜெனிவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை, 51ஆம் பிரிவில், ஒரு தாக்குதலால் எதிர்பார்க்கப்படும் திட்டவட்டமான, நேரடியான இராணுவ ஆதாயத்தோடு ஒப்பிடுகையில் மிகையான பொதுமக்கள் இழப்பை விளைவிக்கக்கூடிய தாக்குதலைத் தடை செய்கிறது. இதில் எண் எதுவும் இல்லை. இரு தரப்பிலும் இறந்தவர்களின் தொகையை அருகருகே வைத்துப் பார்த்து ‘விகிதாசாரம் மீறப்பட்டது’ என்று சொல்வதும் இந்த விதியைத் தவறாகப் படிப்பதே. ஒவ்வொரு தாக்குதலையும் தனித்தனியாக, தாக்குவதற்கு முன் தெரிந்திருந்ததையும், முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடியதையும் வைத்தே எடைபோட வேண்டும்.

சட்டத்தில் எண் இல்லாவிட்டாலும் படைகளுக்குள் எண் இருந்திருக்கிறது. 2003 ஈராக் போரின் தொடக்கத்தில், முப்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் இறக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்ட தாக்குதல்களுக்கு அமெரிக்கப் படையினர் மேலிடத்து ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. இதைக் கட்டுப்பாடு என்று சிலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் ஓர் அச்சம் உண்டு: இருபத்தொன்பது என்பது கேள்வியின்றிக் கடக்கக்கூடிய தொகையாக மாறிவிடுகிறது.

தராசின் மறு தட்டான இராணுவ ஆதாயத்தைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். அதே போரில் ஈராக்கியத் தலைவர்களைக் குறிவைத்து 50 வான்தாக்குதல்கள் நடத்தப்பட்டன. ஒன்றுகூட உரிய ஆளைக் கொல்லவில்லை என்றும், பொதுமக்கள் பலர் இறந்தார்கள் என்றும் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அந்த ஆண்டே ஆவணப்படுத்தியது. தொலைபேசிச் சமிக்ஞையைக் கொண்டு ஊகித்த இடத்தில் ‘உயர்மட்டத் தலைவர்’ இருப்பார் என்பது எதிர்பார்ப்புதான். ஆதாயம் என்று கணக்கில் எழுதும்போது, அது கைகூடும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 2017 மார்ச் 17 அன்று மொசூல் நகரின் ஜதீதா பகுதியில், கூரை மேலிருந்த ஐ.எஸ். அமைப்பின் இரு துப்பாக்கி வீரர்களை வீழ்த்த 500 பவுண்டு குண்டு ஒன்று வீசப்பட்டது. கட்டடத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததை அமெரிக்கப் படையின் விசாரணையே ஏற்றுக்கொண்டது. கட்டடம் அப்படி இடிந்ததற்கு உள்ளே வைக்கப்பட்டிருந்த வெடிபொருள்களே காரணம் என்றும், உள்ளே மக்கள் இருந்தது தெரியாது என்றும் விசாரணை கூறியது. இரண்டையும் ஏற்றுக்கொண்டாலும், போர் நடக்கும் நகரத்தில் மக்கள் உறுதியான கட்டடங்களில்தான் கூடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாத செய்தி இல்லை.

கேள்வி: எதிரி பொதுமக்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டு சண்டையிடுகிறான். அப்படியானால் அவர்களுடைய சாவுக்கு அவன்தானே பொறுப்பு?

பதில்: அவன் பொறுப்பாளிதான். மனிதக் கேடயம் போர்க்குற்றம். ஆனால், உங்கள் கேள்வியில் ‘அவன்தானே’ என்பதில் உள்ள ‘தான்’ என்ற அழுத்தத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பொறுப்பு என்பது ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு மிச்சமில்லாமல் போகும் பண்டம் இல்லை. மேற்சொன்ன 51ஆம் பிரிவே ஏழாவது உட்பிரிவில் மக்களைக் கேடயமாக்குவதைத் தடை செய்துவிட்டு, அடுத்த உட்பிரிவிலேயே, ஒரு தரப்பின் மீறல் மறு தரப்பைப் பொதுமக்கள் மீதான கடமைகளிலிருந்து விடுவிக்காது என்று கூறுகிறது. காரணம் எளியது. அந்தக் கடமை எதிரிக்குச் செய்துகொடுத்த வாக்குறுதியாக இருந்திருந்தால் எதிரி மீறியதும் முறிந்திருக்கும். அது பொதுமக்களுக்கு உரியது, அவர்கள் எதையும் மீறவில்லை.

2009இல் வன்னியில் முடிந்த இறுதிப் போரைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சாகத் தோன்றாது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததாகவும் தப்பியோட முயன்றவர்களைச் சுட்டதாகவும், அரசுப் படைகள் தாமே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள்ளும் மருத்துவமனைகள் மீதும் எறிகணை வீசியதாகவும், இரு தரப்பு மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக அக்குழு கண்டது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்பதையும் அது தள்ளிவிடவில்லை. அந்த அறிக்கையின் ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களை நான் தொடர்ந்து சந்தித்து வருகிறேன். பிடித்து வைக்கப்பட்ட ஒரு குழந்தை, தன்னைப் பிடித்து வைத்தவரின் குற்றத்தால் தன் உயிரின் மதிப்பில் ஒரு துளியையும் இழப்பதில்லை.

தானே விரும்பி ஆயுதக் கிடங்கின் மேல் போய் அமர்பவரின் நிலை வேறு. அதுபற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. போர்க்களத்தில் அத்தகையவர்கள் மிக அரிது.

கேள்வி: தாக்குவதற்கு முன் துண்டறிக்கை போட்டு எச்சரித்துவிட்டால், அதன் பிறகும் அங்கேயே இருப்பவர்களைப் பொதுமக்கள் என்று கருத வேண்டுமா?

பதில்: கட்டாயம் கருத வேண்டும். சூழ்நிலை இடம் தராத வேளைகளைத் தவிர, பொதுமக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதலுக்கு முன் பயனுள்ள எச்சரிக்கை தர வேண்டும் என்று அதே நெறிமுறையின் 57ஆம் பிரிவு சொல்கிறது. எச்சரிக்கை தருவது தாக்குபவரின் கடமைகளில் ஒன்று; மற்ற கடமைகளைக் கழித்துவிடும் ரசீது அல்ல அது.

பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி போர் தொடங்கும் முன் பெண்டிரையும் பிணியுடையோரையும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களையும் அழைத்து, அம்பு விடப்போகிறோம், உங்கள் அரணுக்குச் செல்லுங்கள் என்று அறிவிப்பதைப் பள்ளியிலேயே நாம் படித்திருக்கிறோம். அந்தச் சங்கப் பாட்டில் என்னை எப்போதும் நிறுத்துவது ‘அரண்’ என்ற சொல்தான். போ என்று சொன்னதோடு எங்கே என்றும் சொல்லியிருக்கிறது. பாதை வெட்டப்பட்டு, போகும் இடமும் தாக்கப்படும் நிலையில், சில மணி நேர அவகாசத்தோடு பல இலட்சம் பேரை வெளியேறச் சொல்வது பயனுள்ள எச்சரிக்கை ஆகுமா என்பதை இங்கிருந்து கேட்கத் தொடங்கலாம். போக முடியாமல் எஞ்சுபவர்கள் பெரும்பாலும் முதியவர்களும், நடக்க இயலாதவர்களும், அவர்களை விட்டுப் போக மனம் வராதவர்களுமே.

கேள்வி: போருக்கு ஆதரவாக வாக்களித்தவர்களும் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களும் அப்பாவிகளா?

பதில்: இங்கே ‘அப்பாவி’ என்பதற்கு ‘குற்றமற்றவர்’ என்று பொருள் கொள்ளக் கூடாது, ‘தீங்கு செய்துகொண்டிருக்காதவர்’ என்று கொள்ள வேண்டும். போரில் நேரடியாகப் பங்கெடுக்கும் நேரத்தில் மட்டுமே ஒரு பொதுமகன் தன் பாதுகாப்பை இழக்கிறான். தொழிற்சாலை இலக்காகலாம்; வேலை முடிந்து வீட்டில் உறங்கும் தொழிலாளி இலக்காக முடியாது. வாக்கு, கருத்து, வரி எதுவும் ஒருவரைப் படைவீரராக்காது. ஐயம் இருந்தால் பொதுமகனாகவே கருத வேண்டும்.

கேள்வி: ஹிரோஷிமா போரைச் சுருக்கிப் பல இலட்சம் உயிர்களைக் காப்பாற்றியது என்கிறார்களே?

பதில்: ஜப்பான் சரணடைந்ததற்கு அணுகுண்டு எவ்வளவு காரணம், சோவியத் ஒன்றியம் போரில் நுழைந்தது எவ்வளவு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும் என் பதில் மாறாது. 1945 மார்ச் 9-10 இரவில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரை எரித்த தாக்குதலிலும், ஆகஸ்டில் இரு நகரங்களிலும், மக்களின் சாவே அரசைப் பணியவைக்கும் கருவியாக இருந்தது. முதல் கேள்வியில் சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள்: நகரம் காலியாக இருந்திருந்தால் திட்டம் பலித்திருக்காது. 1956இல், அணுகுண்டு வீச ஆணையிட்ட முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்க முன்வந்தபோது, அங்கே தத்துவம் கற்பித்த எலிசபெத் ஆன்ஸ்கோம் எதிர்த்து நின்றது இந்த அடிப்படையில்தான். அவருடைய எதிர்ப்பு தோற்றது, பட்டம் வழங்கப்பட்டது. நகரம் முழுவதையும் ஒரே இலக்காகக் கருதிக் குண்டு வீசுவதை 1977 நெறிமுறை வெளிப்படையாகத் தடை செய்ய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

கேள்வி: துல்லியமான ஆயுதங்களும் செயற்கை நுண்ணறிவும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடாதா?

பதில்: 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ட்ரோன் ஏவிய ஏவுகணை, குறிவைத்த காரைத் துல்லியமாகத் தாக்கியது. காரில் இருந்தவர் உதவி நிறுவனம் ஒன்றின் ஊழியர். ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தனர். முதலில் நியாயமான தாக்குதல் என்று கூறப்பட்டது. இரண்டரை வாரம் கழித்துத் தவறு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயுதம் பிழைக்கவில்லை, அதற்குக் கொடுத்த தகவல் பிழைத்தது. கணினி இலக்குகளை விரைவாகப் பட்டியலிடும்போது, ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்க மனிதருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது; எனக்குக் கவலை தருவது இந்த நேரச் சுருக்கமே.

கேள்வி: நவீனப் போர்களில் இறப்பவர்களில் 90 விழுக்காட்டினர் பொதுமக்கள் என்பது உண்மையா?

பதில்: எல்லாப் போர்களுக்குமான புள்ளிவிவரமாக அதைச் சொல்ல முடியாது. மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் வெடியாயுதங்களைப் பயன்படுத்தும்போது பாதிக்கப்படுபவர்களில் ஏறத்தாழ அந்த அளவினர் பொதுமக்கள் என்று ஐ.நா. சொல்கிறது, அது வேறு கூற்று. போஸ்னியப் போரில் இறந்தவர்களைச் சரயேவோவின் ஆய்வு மையம் ஒன்று பெயர் பெயராகத் திரட்டியபோது, முன்பு இரண்டு இலட்சத்துக்கும் மேல் என்று சொல்லப்பட்ட தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும், அதில் பொதுமக்கள் சுமார் 40 விழுக்காடாகவும் தெரியவந்தது. இறந்தவர்களுக்காகப் பேசுகிறோம் என்ற நல்லெண்ணத்தில் எண்ணைப் பெருக்குவது, மறுப்பவர்களின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறது.

மறுபுறம், குண்டினால் சாகாமல் குண்டின் விளைவால் சாகிறவர்கள் பெரும்பாலும் எண்ணப்படுவதே இல்லை. 1991இல் ஈராக்கின் மின்நிலையங்கள் தகர்க்கப்பட்டபின் குடிநீர்ச் சுத்திகரிப்பும் கழிவுநீர் வெளியேற்றமும் நின்று, நோய் பரவியது. அப்படி இறந்த குழந்தைகள் எந்தத் தாக்குதலின் விகிதாசாரக் கணக்கிலும் இடம்பெறவில்லை. இது முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய இழப்பு. ஆகவே கணக்கில் சேர்க்கப்பட வேண்டிய இழப்பு.

கேள்வி: தவறுதலாகக் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டா?

பதில்: தாக்குதல் சட்டத்தை மீறாதது என்று கருதப்பட்டால், இழப்பீடு தர வேண்டிய சட்டக் கடமை இல்லை. சில படைகள் பொறுப்பை ஏற்காமல் இரக்கத் தொகை மட்டும் தருகின்றன. காபூல் தாக்குதலுக்காக எவரும் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2015 ஜூனில் ஈராக்கின் ஹவீஜா நகரில் வெடிகுண்டுத் தொழிற்சாலை ஒன்றின் மீது குண்டு வீசி, அண்டைக் குடியிருப்பில் குறைந்தது எழுபது பேர் இறக்கக் காரணமானவை நெதர்லாந்தின் விமானங்கள் என்பதை, அந்நாட்டு அரசு 2019 நவம்பரில்தான் ஒப்புக்கொண்டது. அந்த நான்கு ஆண்டுகளும் அங்குள்ள குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டை இடித்த நாடு எதுவென்றே தெரியாது. இழப்பீட்டு உரிமையைச் சட்டமாக்கப் பல காலம் ஆகலாம். தாக்கியது யார், எதற்காக என்பதைக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கும் கடமையை அதுவரை தள்ளிப்போட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.