ஃபாஸ்ட், ஃபேர்: ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தின் ஃபாஸ்ட், ஃபேர் இரண்டுக்குமே ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள் பல இருக்கின்றனவே, இரண்டும் ஒரே ரகம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு.

முதலில் ஃபாஸ்ட். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், ஒரு கடல் கதையில் 'தே மேட் த போட் ஃபாஸ்ட்' என்ற வரியை 'படகை விரைவாகச் செலுத்தினார்கள்' என்று எழுதிவிட்டேன். அடுத்த வரியில் எல்லாரும் கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கோ இடிக்கிறதே என்று அகராதியைப் புரட்டியபோதுதான், படகை இறுகக் கட்டினார்கள் என்பது புரிந்தது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'உறுதியான, அசையாத' என்பதுதான் பொருள். துவைத்தாலும் சாயம் போகாத துணி கலர்ஃபாஸ்ட். அடித்துப்போட்டாற்போன்ற தூக்கம் ஃபாஸ்ட் அஸ்லீப். உண்ணாநோன்பும் இதே வேர்தான்: விதியை விடாமல் பிடித்துக்கொள்வது. அந்த நோன்பை முறிப்பதால்தான் காலை உணவு பிரேக்ஃபாஸ்ட். சரி, அசையாமல் நின்ற சொல் ஓட ஆரம்பித்தது எப்படி? உறுதியாக ஓடு என்றால் தளராமல், முழு மூச்சோடு ஓடு என்றாகும். அங்கிருந்து விரைவுக்கு ஓர் எட்டுதான். நமக்கு இது புதிதும் அல்ல. 'கடுமை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடினம், மிகுதி என்று பொருள் தரும் அதே சொல்லுக்கு விரைவு என்ற பொருளும் உண்டு. 'கடுகி வந்தான்' என்றால் விரைந்து வந்தான். சங்கப் பாட்டில் வரும் 'கடும்பரிப் புரவி' விரைந்து ஓடும் குதிரை. இரண்டு மொழிகள் தனித்தனியாக ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இதை முதலில் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஃபேர் அப்படியல்ல, அது இரண்டு வேறு சொற்கள். அழகு என்ற பொருளில் தொடங்கிய ஆங்கிலச் சொல் ஒன்று; வெளிர்நிறம், தெளிந்த வானிலை, கறையில்லாதது, நியாயமானது எல்லாம் அதன் கிளைகள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும் ஃபேர் காப்பியும் அதுவே. ஆனால் புக் ஃபேரில் வரும் ஃபேர், திருநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான். (பஸ் கட்டணத்துக்குச் சொல்லும் ஃபேர் எழுத்திலேயே வேறு. தமிழில் எழுதும்போது மட்டும் அதுவும் வந்து கலந்துகொள்கிறது.)

அப்புறம் ஒன்று: அகராதியில் தலைச்சொல்லுக்கு 1, 2 என்று எண் போட்டிருப்பதை மட்டும் பார்த்து, அவை வேறு வேறு சொற்கள் என்று முடிவு செய்யாதீர்கள். நோன்பைக் குறிக்கும் ஃபாஸ்ட்டையும் பல அகராதிகள் தனிப் பதிவாகவே தருகின்றன. பதிவின் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும் சொற்பிறப்புக் குறிப்பு வரை போய்ப் படியுங்கள்.