தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கும்போது போராட்டம் எதற்கு?

வாக்களித்துப் பிரதிநிதிகளை அவைக்கு அனுப்பிய பிறகும் மக்கள் வீதிக்கு வருவது மக்களாட்சிக்கு முரண் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. இன்று நாம் பிரதிநிதித்துவம் என்று சொல்வதில் பெரும்பகுதி, அவைக்கு வெளியே நின்றவர்கள் போராடிப் பெற்றுத் தந்ததாகும்.

1842 மே மாதம், பிரிட்டனில் வாக்குரிமைக்காகவும் தேர்தல் சீர்திருத்தத்துக்காகவும் போராடிய தொழிலாளர்களான சாசன இயக்கத்தார் (Chartists) லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனுவைச் சுமந்து சென்றார்கள். 33 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட அந்தக் காகிதச் சுருள் வாசலுக்குள் நுழையாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால், அதைப் பிரித்துத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. மனுதாரர் தரப்பைக் கேட்கலாம் என்று 49 உறுப்பினர்களும், கூடாது என்று 287 உறுப்பினர்களும் வாக்களித்தார்கள். கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லாததால், அவர்களை மறுத்த எவருக்கும் அடுத்த தேர்தலைப் பற்றிய அச்சம் இருந்திருக்காது. ஆயினும் அவர்கள் முன்வைத்த ஆறு கோரிக்கைகளுள் ரகசிய வாக்கெடுப்பு 1872இலும், உறுப்பினர்களுக்கு ஊதியம் 1911இலும், வயதுவந்த ஆண்களுக்கு வாக்குரிமை 1918இலும் நடைமுறைக்கு வந்தன. ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்று மட்டுமே இன்றுவரை ஏற்கப்படவில்லை. (அந்த ஆறில் பெண்களின் வாக்குரிமை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு வேறோர் இயக்கம் தேவைப்பட்டது. ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை அங்கே பெண்களுக்கு 1928இல்தான் கிடைத்தது.)

எல்லோருக்கும் வாக்கு கிடைத்த பின்னரும் போராட்டத்தின் தேவை தீர்ந்துவிடுவதில்லை. வரி, கல்வி, நிலம், சுற்றுச்சூழல் என அனைத்துக்கும் சேர்த்து நாம் அளிப்பது ஒரே வாக்கு. அவற்றுள் எதில் நமக்கு உடன்பாடில்லை என்று குறிப்பிட வாக்குச்சீட்டில் இடமில்லை. மேற்கு ஜெர்மனியில் 1970களில் அணுமின் நிலையங்களை எதிர்த்தவர்கள் இருந்த கட்சிகளில் தங்கள் குரலைக் காணாததால்தான் வீதிக்கு வந்தார்கள். அவர்களும் பிற இயக்கத்தினரும் சேர்ந்து 1980இல் தொடங்கிய பசுமைக் கட்சி 1983இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது.

அதே வேளையில், போராடுவோர் தங்களையே ஒட்டுமொத்த மக்கள் என்று சொல்லிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. வீட்டிலிருப்பவர்களும் குடிமக்களே; இயக்கத் தலைவர்களைப் பொது வாக்கெடுப்பில் யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆகவே கூட்டத்தின் அளவைக் கண்டு அவை பணிய வேண்டியதில்லை; வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு பதில் சொல்ல அது கடமைப்பட்டிருக்கிறது. 1842இல் அந்த 287 பேர் கோரிக்கையை ஏற்க மறுத்ததைவிட, வாசலில் நின்றவர்களைப் பேசவே விடாததுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.