கேள்வி பதில்: பட்டுச் சாரத்தில் வளரும் மூட்டுநார்

கேள்வி: காற்பந்து ஆட்டத்தில் என் மகனின் முழங்காலில் மூட்டுநார் அறுந்துவிட்டது. பட்டு நூலைக் கொண்டு அதை மீண்டும் வளர்க்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உடல் பட்டை ஏற்றுக்கொள்ளுமா? உள்ளே வைத்த பட்டு பிறகு என்னவாகும்?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உறவினர் சொன்னது பொய்யன்று, ஆனால் 'வளர்க்கலாம்' என்பதைவிட 'வளர்க்க முயல்கிறார்கள்' என்பதே சரி. சிராங்கூன் சாலைக் கோயில்களில் குடமுழுக்குக்கு முன் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உயிரணுக்கள் பற்றிக்கொண்டு பெருகுவதற்கு அப்படியொரு சாரமாகவே பட்டு உதவுகிறது.

பட்டுப்புழுவின் கூட்டில் இரண்டு புரதங்கள் உள்ளன. நூலாக இருப்பது ஃபைப்ராயின். அதை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை செரிசின். இந்தப் பசை நீங்காத பட்டுதான் முன்னாளில் சிலருக்கு ஒவ்வாமையைத் தந்ததாக அறியப்படுகிறது. ஆகவே, கூடுகளைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கிவிடுகிறார்கள். எஞ்சும் ஃபைப்ராயினை உடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. அறுவைச் சிகிச்சையில் பட்டு நூலால் தையல் போடுவது நெடுங்கால வழக்கமாயிற்றே.

உங்கள் இரண்டாம் கேள்விதான் முக்கியமானது. தையல் நூல்களின் வகைப்பாட்டில் பட்டு 'கரையாதது' என்றே குறிக்கப்பட்டிருந்தாலும், உடலின் நொதிகள் அதை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. ஏறத்தாழ ஓராண்டுக்குள் அது தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. தையலுக்குக் குறையாகத் தோன்றக்கூடிய இந்த மந்தம், மூட்டுநாருக்கு வரப்பிரசாதம் என்பேன். புதிய நார் சுமை தாங்கும் அளவுக்குத் தேறப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குள் சாரம் கரைந்துவிட்டால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் நிலைகுலையும்.

நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்னிய பட்டு வலையோடு நுண்துளைகள் நிறைந்த பட்டுப் பஞ்சைச் சேர்த்து, அதில் பல வகை உயிரணுக்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களை இட்டு, முதலில் முயல்களுக்கும் பின்னர் பன்றிகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். பன்றிகளில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. 24 வாரங்களில் அந்த உயிரணுக்கள் பெருகி, நார்த்திசு உருவானது. எனினும் மனித முழங்கால் வேறு. இன்றைய வழக்கமான சிகிச்சை, நோயாளியின் தொடையிலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எடுத்துப் பொருத்துவதுதான். மகனுக்கு எது ஏற்றது என்பதை எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்; பட்டுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: பழைய காஞ்சிப் பட்டுப் புடவைகளை இதற்குத் தரலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: நல்ல மனம் உங்களுக்கு! ஆனால் சாயமும் சரிகையும் ஏறிய பட்டு உடலுக்குள் போகக் கூடாது. ஆய்வகங்கள் கூட்டிலிருந்தே தொடங்குகின்றன. புடவையைப் பேத்திக்குக் கொடுங்கள்.