சிரித்த ஷாட்டிலேயே சாவு

கேள்வி: போர்ப் படங்களில் நகைச்சுவையையும் சோகத்தையும் ஒரே காட்சியில் எப்படிக் கலக்கிறார்கள்? நடிப்பு, வசனம் தவிர கேமராவுக்கு இதில் என்ன வேலை?

முதலில் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். பதுங்குகுழிக்குள் இரண்டு சிப்பாய்கள், அவர்களிடம் ஒரே ஒரு சிகரெட். முதல் இழுப்பு யாருக்கு என்று சண்டை. சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஒருவன் மீது குண்டு பாய்கிறது. எழுதும்போது நாங்களே விழுந்து விழுந்து சிரித்தோம், கடைசி வரியைப் படித்தபோது தொண்டை அடைத்தது. திரையிட்ட அன்று யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் கண் கலங்கவும் இல்லை. ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடிட்டிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். "தம்பி, அவன் சாகப்போறான்னு உன் கேமராவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றார். உண்மைதான். குண்டு பாய்வதற்குச் சில நொடிகள் முன்பிருந்தே அவன் முகத்தை நோக்கி மெல்ல மெல்ல நெருங்கியிருந்தோம். "ரெண்டு பேரையும் ஒண்ணா காட்டுற வைட் எங்க? அதுலயே விட்டிரலாம்" என்று கேட்டார். அப்படி ஒரு ஷாட்டை நாங்கள் எடுக்கவே இல்லை.

அதற்கப்புறம் எந்தப் போர்ப் படம் பார்த்தாலும் இந்த ஒரு விஷயத்தைத்தான் கவனிக்கிறேன்: நடக்கப்போவது கேமராவுக்குத் தெரிந்திருக்கிறதா, இல்லையா? சிரிப்புக்கு ஒரு கேமரா, சோகத்துக்கு இன்னொரு கேமரா என்று பிரித்து வைத்த படங்கள் பெரும்பாலும் என்னிடம் தோற்றுப்போகின்றன. எந்த இடத்தில் நின்று நம்மைச் சிரிக்கவைத்ததோ, அந்த இடத்தை விட்டு நகராமல் சாவையும் காட்டும் படங்கள்தான் உலுக்குகின்றன.

இதில் ஆசான் மௌனப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன். 1926இல் வந்த 'தி ஜெனரல்', அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்து எடுத்த மௌனப் படம். அதில் கீட்டன் ரயில் இன்ஜின் ஓட்டுநர். ஓடும் ரயிலில் முதுகைத் திருப்பிக்கொண்டு மும்முரமாக விறகு வெட்டுகிறார். அவருக்குப் பின்னால், அதே ஃபிரேமில், அவருடைய தெற்குப் படை மொத்தமும் பின்வாங்கி ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே பின்னணியில் எதிரிப் படை முன்னேறி வருகிறது. இவர் இன்னும் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அங்கே நடப்பது ஒரு படையின் தோல்வி. ஆனால் விறகும் படையும் ஒரே ஃபிரேமில், இரண்டும் துல்லியமாகத் தெரியும்படி இருப்பதால் சிரிக்கிறோம். இதையே தனித்தனி ஷாட்களாக வெட்டி, கீட்டன் ஒன்றில், படை இன்னொன்றில் என்று வைத்திருந்தால் சிரிப்பு போய் வெறும் தகவல்தான் மிஞ்சியிருக்கும். பார்க்க வேண்டியதைப் பார்க்காத ஒருவனும் அவன் பார்க்காததும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் வைட் ஷாட்.

அதே படத்தின் கடைசிப் பகுதியில் இன்னொரு காட்சி. பீரங்கி வீரர்களுக்குக் கீட்டன் கட்டளை கொடுக்கிறார். கட்டளை வாங்கியவன் சுருண்டு விழுகிறான். அடுத்தவனுக்குக் கொடுக்கிறார், அவனும் விழுகிறான். மறைந்திருந்து ஒருவன் சுடுவது இவருக்குத் தெரியாது. என்னடா இது என்கிற மாதிரி விழிக்கிறார். கேமரா நெருங்கவே இல்லை. விழுந்தவர்களின் முகத்தைத் தேடிப் போகவும் இல்லை. கடைசியில் கீட்டனின் வாளிலிருந்து அலகு கழன்று பறந்துபோய் அந்த மறைந்திருந்தவன் மீதே பாய்கிறது. முதல் தடவை பார்த்தபோது நன்றாகச் சிரித்தேன். இரண்டாம் தடவை பார்த்தபோது, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஷாட் மாறவில்லை, நான்தான் மாறியிருந்தேன். படம் வந்த காலத்தில், போரில் ஆட்கள் சாவதைக் காட்டிச் சிரிக்கவைப்பது கஷ்டம் என்று ஒரு விமர்சகர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தச் சங்கடம்தான் அந்தக் காட்சியின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குளோசப்பில் பார்த்தால் சோகம், லாங் ஷாட்டில் பார்த்தால் நகைச்சுவை என்று சாப்ளின் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் கேள்விக்கு அதையே பதிலாக எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் போர்ப் படத்தில் அது பாதிதான் பொருந்துகிறது. போரில் லாங் ஷாட்டுக்குள் ஏற்கெனவே பிணங்கள் கிடக்கும். தூரம் என்பது சிரிப்புக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்தில்லை.

கேமரா நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் எப்படி நகர வேண்டும்? அதற்கு பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 1937இல் எடுத்த 'லா கிராண்ட் இல்யூஷன்' படத்தைப் பாருங்கள். முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் கைதி முகாம். பிரெஞ்சுக் கைதிகள் தாங்களே ஒரு மேடை நிகழ்ச்சி நடத்த ஏற்பாடு செய்கிறார்கள். பெட்டி நிறைய பெண்கள் உடுப்பு வருகிறது. ஒரே கும்மாளம், கேலி. ஓர் இளைஞன் கவுனை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அடுத்த நகைச்சுவைக்கு நாம் தயாராகிறோம். ஆனால் அறை அப்படியே அடங்கிப்போகிறது. அந்தச் சத்தமில்லாத முகங்களின் மீது கேமரா மெதுவாக ஊர்ந்துபோகிறது. எத்தனை நாளாக இவர்கள் ஒரு பெண்ணைப் பார்க்கவில்லை என்று எந்த வசனமும் சொல்வதில்லை. கேமரா எவன் முகத்திலும் தங்கி, இதோ இவன் சோகத்தைப் பார் என்று காட்டுவதில்லை. எல்லோர் மீதும் ஒரே வேகத்தில் போகிறது, அவ்வளவுதான். நான் அந்தச் சிகரெட் காட்சியில் நெருங்கியதும் நகர்வுதான், இதுவும் நகர்வுதான். என்னுடையது கையைப் பிடித்து இழுத்தது. இது நம் கூடவே சேர்ந்து அமைதியாகிறது.

அடுத்தது, கேமரா யாருடைய கண் என்கிற கேள்வி. 1997இல் வந்த 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்தை அழுகைப் படம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நானும் கொஞ்ச நாள் அந்தக் கட்சியில் இருந்தேன். ஆனால் அந்தப் பெட்டிக் காட்சியை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. வதைமுகாமில் சிறுவன் ஒரு பெட்டிக்குள் ஒளிந்து, அதன் இடுக்கு வழியாகப் பார்க்கிறான். துப்பாக்கிக்காரன் ஒருவன் அவன் அப்பாவை நடத்திக்கொண்டு போகிறான். மகன் பார்ப்பது தெரிந்து அப்பா கண்ணடிக்கிறார், காலை உயர்த்திக் கோமாளி நடை நடக்கிறார். அந்த இடுக்கிலிருந்து பார்க்கும்போது அது விளையாட்டு. நாம் அந்தப் பெட்டிக்குள்ளேயும் இருக்கிறோம், வெளியேயும் இருக்கிறோம். பையனோடு சேர்ந்து உதடு சிரிக்கிறது, வயிற்றுக்குள் என்னவோ பிசைகிறது. அப்புறம் அப்பாவும் அந்தச் சிப்பாயும் ஒரு திருப்பத்தில் மறைகிறார்கள். கேமரா பின்னால் போகவில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது, சிப்பாய் தனியாகத் திரும்பி வருகிறான்.

'ஜோஜோ ராபிட்' (2019) இதே வித்தையை உயரத்தை வைத்துச் செய்கிறது. நாஜி ஜெர்மனியில் வளரும் பத்து வயதுப் பையனின் கதை, பாதி படம் கேலிக்கூத்து. அவன் அம்மாவின் சிவப்பு வெள்ளைக் காலணிகளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஒரு காட்சியில் அவள் மேடான இடத்தில் ஆடியபடி நடக்கிறாள், காலணி பையனின் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கலகலப்பான காட்சி. நாம் அதை மறந்துவிடுகிறோம். பின்னால் ஒருநாள் அவன் பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டு வருகிறான், குனிந்து நிமிர்கிறான். அவன் முகத்துக்கு நேராக அதே காலணிகள். அம்மாவைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். அவள் முகத்துக்குக் கேமரா ஏறுவதே இல்லை. முன்பு சிரித்துக்கொண்டே பார்த்த அந்த உயரமே மறுபடி வந்து நிற்கிறது. இதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அணு ஆயுதப் போரைக் கேலி செய்யும் ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) வேறு வழி. வசனமும் ஆட்களும் கேலிச்சித்திரம், ஆனால் விமானப்படைத் தளத்தைத் தாக்கும் காட்சி மட்டும் செய்திப்படம் மாதிரி, கையில் பிடித்து ஆடும் கேமராவில், கரகரப்பான கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. சொந்த நாட்டுப் படையே ஒன்றையொன்று சுட்டுக்கொள்கிறது. நடுவில் 'சமாதானமே எங்கள் தொழில்' என்ற பலகை. பலகையைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது, ஆனால் கேமரா சிரிக்கவில்லை. கடைசியில் போர்த் தலைமையக அறைக்குள் எல்லோரும் கிரீம் கேக்கை வீசியடித்துக்கொள்ளும் ஒரு காட்சியையும் குப்ரிக் எடுத்தார், படத்தின் தொனிக்கு அது அதிகப்படியான கூத்து என்று வெட்டி எறிந்துவிட்டார். நல்ல வேளை.

ஒன்றே ஒன்று பார்க்கிறேன் என்றால் 2001இல் வந்த 'நோ மேன்ஸ் லேண்ட்' பாருங்கள். ஆஸ்கரில் 'லகான்' படத்தைத் தோற்கடித்த படம் என்றால் நினைவுக்கு வரலாம். இயக்குநர் டானிஸ் டானோவிச் போஸ்னியப் போரின்போது கேமராவோடு போர்முனையில் இருந்தவர். போஸ்னிய, செர்பியத் தரப்புகளுக்கு நடுவில் ஒரு அகழி. ஒருவன் கண்ணிவெடி மேல் படுத்திருக்கிறான், எழுந்தால் வெடிக்கும். பக்கத்தில் தரப்புக்கு ஒருவனாக இரண்டு பேர், போரை ஆரம்பித்தது யார் என்று அவர்களுக்குள் சண்டை. துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதுதான் சரித்திரம். நல்ல வெயில், பசும்புல், பளிச்சென்ற வெளிச்சம். இருட்டு, சேறு என்று போர்ப் படத்துக்கே உரிய எதுவும் இல்லை. அந்த வெளிச்சம்தான் முதலில் சிரிக்கவைக்கிறது. ஐ.நா. ஆட்கள், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லோரும் வந்து கூடி, கடைசியில் கிளம்பிப் போய்விடுகிறார்கள். கேமரா மட்டும் அவனுக்கு நேர் மேலே எழும்புகிறது. உயர உயர அவன் சின்னதாகிக்கொண்டே போகிறான். இன்னும் படுத்துத்தான் இருக்கிறான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், கீட்டனின் விறகு வெட்டும் காட்சியிலிருந்தே ஆரம்பியுங்கள். பழைய படம் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை முன்னால் இருக்கும் ஆளை மட்டும் பாருங்கள், இன்னொருமுறை பின்னால் ஓடுகிறவர்களை மட்டும். இரண்டாவது தடவை சிரிப்பு வந்ததா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள், எனக்கு வரவில்லை.