நாயகன் வீழும் இரண்டாம் பாகம்

கேள்வி: ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலை இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன். அதன் தொடர்ச்சியான ‘டியூன் மெசையா’ என்னைச் சோர்வடையச் செய்துவிட்டது. பாலைவனப் பயணம் இல்லை, போர் இல்லை. நான் நேசித்த நாயகன் பால் அட்ரெய்டீஸ் கொடுங்கோலனாகத் தெரிகிறான். நண்பர்களில் சிலர் இதுவே சிறந்த பாகம் என்கிறார்கள். சிலர் மூன்றாம் பாகத்தைத் தொடவே வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஏமாற்றத்தை வாசிப்பின் குறையாக எண்ண வேண்டாம். முதல் நாவலைத் தம் ‘அனலாக்’ இதழில் தொடராக வெளியிட்ட ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லே, நாயகனின் வீழ்ச்சியை ஏற்க மனமின்றி இரண்டாம் நாவலைத் திருப்பி அனுப்பினார். அது 1969இல் ‘காலக்ஸி’ இதழில் தொடராக வந்து, அதே ஆண்டில் நூலாயிற்று.

ஆயினும், பால் இரண்டாம் பாகத்தில்தான் மாறிவிட்டானா என்பதை முதல் நாவலிடமே கேட்டுப் பாருங்கள். கோளியல் அறிஞர் கைன்ஸ் பாலைவனத்தில் தனியே கிடந்து உயிர்விடும் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். ஒரு வீரநாயகனின் கையில் சிக்குவதைவிடக் கொடிய கேடு உன் மக்களுக்கு நேராது என்று இறந்துபோன தந்தையின் குரல் அவரிடம் சொல்கிறது. தன் பெயரால் நடக்கப்போகும் புனிதப் போரைப் பாலும் முதல் நாவல் நெடுகக் கனவிலும் காட்சியிலும் கண்டு அஞ்சுகிறான். வெற்றியின் வேகத்தில் நாம்தான் அந்த அச்சத்தைக் கடந்து போய்விடுகிறோம். முதல் நாவலை முடிக்கும் முன்பே அடுத்த பாகங்களின் சில பகுதிகளை எழுதிவிட்டதாக ஹெர்பர்ட் கூறியிருக்கிறார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போர் இல்லை என்ற உங்கள் குறையில் நியாயம் உண்டு. இரு நாவல்களுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் போரின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடுகிறது. 6,100 கோடிப் பேர் மாண்ட கணக்கைப் பாலே தன் வாயால் சொல்கிறான். அந்த எண் என்னை உலுக்கியது. அதைச் சொல்லும் மனிதன் அரியணையில் அமர்ந்திருப்பது அதைவிட உலுக்கியது. சதிகாரர்களின் நீண்ட உரையாடல்கள் நடையைத் தளர்த்துகின்றன என்பதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் கண்ணிழந்த பால் கடைசியில் பாலைவனத்தை நோக்கித் தனியே நடக்கும் பக்கங்களுக்காக அந்தத் தளர்ச்சியை நான் பொறுத்துக்கொண்டேன்.

நண்பர்களிடம் புத்தகம் நல்லதா என்று கேட்காமல், எந்தக் காட்சி பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். முதல் பாகம்போல் இல்லை என்பது மட்டுமே ஒருவரின் பதிலானால், அவர் தம் எதிர்பார்ப்பைப் பற்றிப் பேசுகிறார். காட்சியைச் சுட்டிக் காரணம் சொல்பவரின் கருத்து, உங்கள் கருத்துக்கு மாறாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படும்.

மூன்றாம் பாகமான ‘சில்ட்ரன் ஆஃப் டியூன்’ நாவலைத் தவிர்க்க வேண்டாம் என்பதே என் எண்ணம். இரண்டாம் பாகத்தை மறுத்த அதே ‘அனலாக்’, கேம்ப்பெல் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1976இல் இதைத் தொடராக வெளியிட்டது. கதை பாலின் இரட்டைக் குழந்தைகளான லெட்டோ, கானிமாவிடம் செல்கிறது. நீங்கள் தேடிய பாலைவனமும் அதில் திரும்பி வருகிறது, ஆனால் பசுமை படர்ந்து, அங்கு வாழும் ராட்சத மணற்புழுக்களின் வாழ்வுக்கே ஆபத்து நேர்ந்த பாலைவனமாக. பழைய பால் அட்ரெய்டீஸைத் தேடாமல் அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து தொடக்க அத்தியாயங்களைப் படியுங்கள். மனம் ஒட்டாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.