எழுபது தாண்டினால் திரும்ப ட்ரயல் போடவேண்டுமா?

யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 74 வயது, மாருதி கார் ஓட்டுகிறார். லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. எழுபது தாண்டினால் எழுத்துப் பரீட்சையும் ட்ரயலும் (ஓட்டிக் காட்டும் பரீட்சை) திரும்பச் செய்யவேண்டுமாம், முப்பத்தையாயிரம் தந்தால் ஒன்றும் இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்று கச்சேரியடியில் (மாவட்டச் செயலகத்தடியில்) ஒருவர் சொன்னார். கனடாவில் இருக்கும் அண்ணா, அப்பா இனி ஓட்டவே கூடாது, அங்கே என்றால் லைசென்ஸைப் பறித்திருப்பார்கள் என்கிறார். என்ன செய்வது?"

தங்கச்சி, முதலில் அந்தக் காசு வீட்டிலேயே இருக்கட்டும். வயது போய்விட்டது என்பதற்காக மட்டும் இலங்கையில் யாரையும் திரும்ப ட்ரயலுக்குக் கூப்பிடுவதில்லை. புதுப்பிக்கத் தேவையானது விண்ணப்பம், பழைய அட்டை, அடையாள அட்டை, அப்புறம் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மெடிக்கல் சான்றிதழ். அதற்கு யாழ்ப்பாணத்திலேயே கிளை இருக்கிறது. அட்டை முடிவதற்கு முன்னமே கொடுத்துவிடுங்கள். முடிந்து கனகாலம் கிடந்த லைசென்ஸ் என்றால் கதை வேறு, உங்களுக்கு அது தேவையில்லை.

அந்த ஆள் இல்லாத பரீட்சையைக் காட்டிப் பயப்படுத்தி, அதிலிருந்து காப்பாற்றுவதற்குக் காசு கேட்கிறார். நான் லேர்னர்ஸ் (வாகனம் ஓட்டப் பழக்கும் பள்ளி) நடத்துகிறவன், இந்தக் கூட்டத்தைத் தினமும் பார்க்கிறேன். வயதுபோனவர் பைலோடு தனியாக வந்து நின்றால் போதும், "ஐயா, உள்ளே எனக்கு ஆளிருக்கு" என்று பக்கத்தில் வந்துவிடுவார்கள். அரசாங்கக் கட்டணத்துக்கு ரசீது தருவார்கள், இவர்களிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். அதிலும் மோசம், கண்ணும் காட்டாமல் காதும் காட்டாமல் மெடிக்கல் எடுத்துத் தருகிறோம் என்பவர்கள். அப்படி வாங்கிய லைசென்ஸோடு அப்பா யாரையாவது இடித்துவிட்டால் போலீஸும் இன்சூரன்ஸும் கேட்கப்போவது அப்பாவிடம், அந்த ஆளின் போன் அன்றைக்கு வேலை செய்யாது.

மெடிக்கலில் அப்பாவுக்குச் சிக்கல் வரக்கூடிய முக்கியமான இடம் கண். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கண்ணாடி போட்டால் எழுத்துகள் தெரிகிறது என்றால் பிரச்சினையே இல்லை, கண்ணாடி போட்டு ஓட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு லைசென்ஸ் கிடைக்கும். ஆனால் சிலர் கண்ணாடி போட்டால் பெயிலாக்கிவிடுவார்கள் என்று பயந்து கழற்றிவிட்டுப் போகிறார்கள். முன்னுக்கு நிற்பவர் வாசிப்பதைக் கேட்டு எழுத்துகளைப் பாடமாக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. கண்புரை இருந்தால் முதலில் கண் கிளினிக்கில் காட்டுங்கள். ஒப்பரேஷன் செய்யச் சொன்னால் செய்து, கண் ஆறி, புதுக் கண்ணாடி எழுதி வாங்கிய பிறகு மெடிக்கலுக்குப் போகட்டும், அதுவரை கார் நிற்கட்டும். ஒரு கண்ணில் செய்து மற்றதில் செய்யாமல் விட்டவர்களுக்கு தூரம் மட்டுக்கட்டுவது கஷ்டம், எதிரே வரும் வாகனத்தின் லைட்டும் சிதறித் தெரியும். பகலில் எழுத்துப் பலகையை நன்றாக வாசித்துவிடுவார்கள், இரவில் பலாலி வீதியில் லைட் இல்லாமல் வரும் சைக்கிள் தெரியாது. இருபது வயதில் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. அப்பாவுக்கு எழுபத்துநாலு.

சரி, மெடிக்கல் பாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார் லைசென்ஸ் சாதாரணமாக எட்டு வருடத்துக்குக் கிடைக்கும். அப்படிக் கிடைத்தால், 74 வயதில் வாங்கியது 82 வரை. இந்த இடைவெளியில் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று ஒரு அதிகாரி கூடப் பார்க்கப்போவதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு நாள், கொஞ்சத் தூரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிக் காட்டியதுதான் இன்றைக்கும் கணக்கு. இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஓட்டம் பார்க்கமாட்டார்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வீதியில் சாகும் நாட்டில் இது என்ன முறை என்று எனக்கு விளங்கவில்லை.

அண்ணா சொல்வதும் பாதிதான் சரி. அவர் ஒன்ராறியோவில் இருந்தால், அங்கே விசேஷப் பரிசோதனை தொடங்குவதே 80 வயதில்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண் பார்வை பார்த்து, ஒரு வகுப்பில் இருத்தி, கடிகாரம் வரைவது போன்ற சின்னப் பயிற்சி கொடுப்பார்கள். சந்தேகம் வந்தவர்களைத்தான் வீதியில் ஓட்டச் சொல்வது. எனக்குப் பிடித்தது சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் முறை. 75 முதல் வருடாவருடம் மெடிக்கல், 85 முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு ட்ரயல், அது வேண்டாம் என்றால் வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும் ஓட்டும் லைசென்ஸ். இங்கே அப்படி ஒன்றைக் கொண்டுவர என்ன தடை? வயதானவர்களை மட்டும் பிடி என்று நான் சொல்லவில்லை, ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் டாங்கியில் வைத்துக்கொண்டு கே.கே.எஸ். வீதியில் பறக்கும் பொடியன்கள் உங்கள் அப்பாவைவிடப் பெரிய ஆபத்து. லைசென்ஸ் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எல்லோரையும் கால் மணி நேரம் ஓட்டவிட்டுப் பார்த்தால் போதும். செய்யமாட்டார்கள், ஆள் இல்லை என்பார்கள்.

ஆகையால் அந்த ட்ரயலை நீங்களே வையுங்கள், அதுவும் மெடிக்கலுக்கு முன். ஒரு காலைப்பொழுதில் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் இருந்து வாயைத் திறக்காமல் போங்கள். திருநெல்வேலிச் சந்தியில் வலப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வயதுபோனவர்கள் பிழைவிடுவது வேகத்தில் அல்ல, இப்படி எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கே வெட்டித் திரும்பும் இடத்தில். எதிரே வரும் பஸ்ஸின் வேகத்தைக் கணிக்கிறாரா, அல்லது பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள் என்று பதறி எடுக்கிறாரா என்று பாருங்கள். பிறகு கேட் இல்லாத ரயில் கடவை ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். 1990 இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்டோபரில். இருபத்துநான்கு வருடம் தண்டவாளம் இருந்த இடத்தைத் திரும்பிப் பாராமல் கடந்த தலைமுறை அது, கால் பிரேக்குக்குப் போகாது. கார்க் கண்ணாடியை இறக்கி, நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தால் நல்லது. வீட்டுக்கு வந்ததும் காரின் இடப்பக்க மட்கார்டையும் பம்பரையும் தடவிப் பாருங்கள், புதுக் கீறல் இருந்தால் அவர் சொல்லாததை அது சொல்லும். தடிமனுக்குப் பிரிட்டோன் (Piriton) குளிசை போட்ட அன்றைக்கு ஓட்டவே விடாதீர்கள், நித்திரை தூக்கும்.

நன்றாக ஓட்டினார் என்றால் புதுப்பியுங்கள், பகலில் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரட்டும், இரவிலும் ஏ9 நெடுஞ்சாலையிலும் வேண்டாம். கடவையிலோ சந்தியிலோ உங்களுக்கு நெஞ்சு திக்கென்றது என்றால் மெடிக்கல் பாஸானாலும் கார்த் திறப்பை வாங்கி வையுங்கள். அப்பா கோபிப்பார், சாப்பிடாமலும் இருப்பார். அண்ணாவிடமும் சொல்லுங்கள், ஓட்டவேண்டாம் என்று அங்கிருந்து சொல்வது லேசு, அப்பாவுக்கு நம்பிக்கையான ஒரு ஆட்டோக்காரரைப் பிடித்து மாதக் கணக்குப் பேசப்போகிறீர்கள், அந்தக் காசை அவர் மாதாமாதம் அனுப்பட்டும்.